ரத்தம் குடுக்க ஆளுங்கள எது வர வைக்குது?

ரத்தம் குடுக்குறவங்க ரெண்டு வகை. சொந்தக்காரங்க ஆபரேஷனுக்காக குடுத்தா ரீப்ளேஸ்மென்ட் டோனர், யாருக்குன்னே தெரியாம குடுத்தா வாலண்டரி டோனர். மொத வகை நம்ம மொய் மாதிரிதான், வாங்குனதுக்குத் திருப்பி வைக்கிறது. ரெண்டாவதுல நெறைய பேரு காலேஜ் கேம்ப்புக்கு ஃப்ரெண்டு இழுத்துட்டுப் போய் ஆரம்பிச்சவங்க, ஒருத்தர் நேர்ல வந்து கேட்டா இல்லன்னு சொல்ல வாய் வராது, அதான் பெரிய காரணம், போஸ்டர்லாம் அப்புறம்தான். வேலூர்ல கேக்கவே வேணாம், சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு பெங்கால்லேந்து வர்றவங்க துணைக்கு ஒரே ஒரு ஆளோட காந்தி ரோடு பக்கம் லாட்ஜ்ல கெடப்பாங்க, பாஷையும் தெரியாது, டோனருக்கு எங்க போவாங்க பாவம், உள்ளூர் பசங்கதான் போய் நிக்கணும். காசுக்கு விக்கிறது 1998லயே தடை, ஜூஸும் பிஸ்கட்டும்தான் கெடைக்கும். அப்புறம், நாம குடுத்த பை அப்படியே நம்ம ஆளுக்குத்தான் ஏறும்னு நெறைய பேர் நெனக்கிறாங்க, அப்டி இல்ல, டெஸ்ட் முடிஞ்சு குரூப் பொருந்துற யாருக்கு வேணா போகும்.