நார்வேயை விடக் கீழே முடித்த ஜார்ஜியா யூரோ 2024-க்கு (ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பை) போனது எப்படி?

பட்டியலில் தவறில்லை. தகுதிச்சுற்று 'ஏ' பிரிவில் நார்வே 11 புள்ளிகளுடன் மூன்றாமிடம், ஜார்ஜியா 8 புள்ளிகளுடன் நான்காமிடம். ஆனால் அந்தப் பிரிவிலிருந்து நேரடியாகப் போனவை ஸ்பெயினும் ஸ்காட்லாந்தும் மட்டுமே. மூன்றாமிடத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

மூன்றாவது அணிக்கு பிளே-ஆஃப் (மீதமுள்ள இடங்களுக்கான கடைசிச் சுற்று) கிடைக்கும் என்ற பழைய கணக்கை (யூரோ 2016-இல் அப்படித்தான்) வைத்துக்கொண்டு பார்த்திருப்பீர்கள். யூரோ 2024-இல் பிளே-ஆஃபுக்கு நுழைவு நேஷன்ஸ் லீக் (ஐரோப்பிய அணிகள் ஏ, பி, சி என நிலைவாரியாக ஆடும் தனிப் போட்டி) வழியாக. 2022-23 நேஷன்ஸ் லீக் பட்டியலைத் திறந்து பாருங்கள்: ஜார்ஜியா 'சி' நிலையில் தன் பிரிவை வென்றிருக்கும், நார்வே 'பி' நிலையில் செர்பியாவுக்குப் பின்னால் நிற்கும். கோல் வீரர் எர்லிங் ஹாலண்டை வைத்துக்கொண்டு நார்வே வீட்டில் உட்கார்ந்தது அதனால்தான்!

பிறகு பிளே-ஆஃபில் ஜார்ஜியா லக்சம்பர்க்கை 2-0 என வென்றது. கிரீஸுடன் திபிலீசியில் 120 நிமிடமும் கோலில்லை, பெனால்டியில் 4-2. 24 இடங்களில் பிளே-ஆஃபுக்கு ஒதுக்கியது மூன்றே.

இது ஐரோப்பிய விதி. ஆசியக் கோப்பைக்கோ ஆப்பிரிக்கக் கோப்பைக்கோ இதே கணக்கைப் போடாதீர்கள்.