"எனக்கு வராது" என்று சொல்லும் குழந்தை

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு, நன்றாகப் படிப்பான். தன்னம்பிக்கை வரட்டும் என்று சின்ன வயதிலிருந்தே "நீ ரொம்பக் கெட்டிக்காரன்டா" என்று சொல்லித்தான் வளர்த்தோம். இப்போது கணக்கு கொஞ்சம் கஷ்டமாக இருந்தாலே "எனக்கு வராது" என்று நோட்டை மூடிவிடுகிறான். இரண்டு ஆட்டம் தோற்றதும் செஸ் வகுப்பை விட்டுவிட்டான். விருந்தாளிகள் வந்தால் என் பின்னால் ஒளிந்துகொள்கிறான். ஆண்டுவிழா பேச்சுப்போட்டியில் கட்டாயப்படுத்திச் சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார் கணவர். சேர்க்கலாமா?

ஒரு தாய், கரூர்

அன்புள்ள சகோதரிக்கு,

அன்பினால்தான் அவனைப் பாராட்டினீர்கள். ஆனால் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிய பிள்ளைக்கு அந்தப் பெயரைக் காப்பாற்றும் வேலையும் சேர்ந்தே வந்துவிடுகிறது. கணக்கு தப்பானால் பெயர் போய்விடும். நோட்டை மூடிவிட்டால் போகாது. எட்டு வயதுக்கு அது நல்ல கணக்குதான்.

1998-இல் கிளாடியா முல்லர், கரோல் ட்வெக் என்ற இரு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு ஒன்று உண்டு. எல்லாருக்கும் ஒரே மாதிரிப் புதிர்கள். முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நன்றாக முயற்சி செய்திருக்கிறாய்" என்றார்கள். அடுத்து எந்த மாதிரி வேண்டும் என்று கேட்டபோது, புத்திசாலி என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் எளிதானதையே எடுத்தார்கள். பிறகு எல்லாருக்குமே கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள். அவற்றில் தடுமாறிய பின், முதலில் கொடுத்ததைப் போன்ற எளிய புதிர்களிலேயே புத்திசாலி என்று கேட்டவர்கள் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டியும் சொன்னார்கள். பொய் சொல்லும் பிள்ளைகள் இல்லை அவர்கள். பாராட்டு அவ்வளவு கனமாக இருந்திருக்கிறது.

அதற்காகப் பாராட்டையே நிறுத்திவிடாதீர்கள். அவன் செய்ததைப் பார்த்துச் சொல்லுங்கள். "முதல் வழி சரிவரலைன்னதும் படம் போட்டுப் பார்த்தியே, அதுல பிடிச்சுட்ட" என்றால் அடுத்த கணக்கில் என்ன செய்யலாம் என்பதும் அவனுக்குக் கிடைத்துவிடுகிறது. ஆனால் இதனால் மார்க் எகிறும் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்த வழியில் பின்னாளில் நடந்த பெரிய ஆய்வுகளில் மதிப்பெண்ணில் தெரிந்த பலன் சின்னதுதான். நமக்கு வேண்டியது அவன் நோட்டைத் திறந்து வைத்திருப்பது.

பாராட்டைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. "என்னால் முடியும்" என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தவர் ஆல்பர்ட் பண்டூரா. தானே செய்து முடித்த அனுபவம்தான் அதற்கு வலுவான ஊற்று, பிறர் சொல்லும் தைரியமெல்லாம் அதற்கு அடுத்ததுதான் என்றார். நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு அந்த அனுபவம் குறைந்துவிட்டது. ஷூ லேஸ் கட்டுவது, பையில் புத்தகம் அடுக்குவது, சட்டைப் பட்டன் போடுவது எல்லாமே வேன் வந்துவிடும் என்ற அவசரத்தில் நம் கைக்கு வந்துவிடுகின்றன. தெருமுனைக் கடைக்கு நீங்களும் கூடப் போங்கள், ஆனால் கொத்தமல்லிக் கட்டைக் கேட்பதும் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவதும் அவனாக இருக்கட்டும். சில்லறை குறைந்தால் அவனே திரும்பிப் போய்க் கேட்கட்டும். நீங்கள் நான்கடி தள்ளி நில்லுங்கள், போதும்.

விருந்தாளி விஷயம். "என்ன படிக்கிற கண்ணு?" என்று யாராவது கேட்டால் நம் வீடுகளில் பதில் சொல்வது அம்மாதான். "மூணாவது படிக்கிறான். கொஞ்சம் கூச்ச சுபாவம்." அவன் அதைக் கேட்டுக்கொண்டே நிற்கிறான். தன் வேலை முடிந்தது என்றும், தான் இப்படித்தான் என்றும் ஒரே வாக்கியத்தில் தெரிந்துகொள்கிறான். அடுத்த முறை மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவன் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். அந்த "சுபாவம்" மட்டும் வேண்டாம்.

பேச்சுப்போட்டிக்குக் கட்டாயப்படுத்த வேண்டாம். எழுதிக்கொடுத்ததை மனப்பாடம் செய்து, மேடையில் நடுவில் மறந்து நின்றால், "எனக்கு வராது" என்பதற்கு இன்னொரு சாட்சிதான் அவனுக்குக் கிடைக்கும். குழுப்பாட்டு, சின்ன நாடகம் என்று ஏதாவது இருந்தால் அவனையே கேளுங்கள். வேண்டாம் என்றால் இந்த வருடம் விட்டுவிடலாம். செஸ்ஸுக்கு வகுப்பு வேண்டாம், அவன் அப்பா இரவில் ஒரு ஆட்டம் ஆடட்டும். வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்காமல் தன் ராணியை எடுத்து வைத்துவிட்டு ஆடலாம். ஆட்டம் முடிந்ததும் எந்த நகர்த்தலில் திரும்பியது என்று இருவருமாகப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. வீட்டில் நன்றாகப் பேசுகிற பிள்ளை, பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேலாக யாரிடமும் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியர் சொன்னால், அதை வெறும் கூச்சம் என்று விடாதீர்கள். குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது, சீக்கிரம் தொடங்கினால் நல்லது.

அன்புடன்.