பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கின் டேங்க் கசிகிறது: ஈயப் பற்று வைக்கலாமா, மாற்ற வேண்டுமா?

முதலில் கசிவது டேங்க்தானா என்று பாருங்கள். பல நேரம் மூடி வாஷரோ பம்ப் வால்வோதான் காரணம். மண்ணெண்ணெயை வடித்துவிட்டு லேசாகக் காற்றடித்து, சோப்பு நீர் தடவினால் குமிழி இடத்தைக் காட்டிவிடும்.

பித்தளை டேங்கில் ஊசித்துளையோ அடித்தட்டு இணைப்பில் கசிவோ இருந்தால், ஈயப் பற்று போதும். மேல்பூச்சைச் சுரண்டிப் பித்தளை தெரியும்வரை சுத்தம் செய்யாவிட்டால் ஈயம் ஒட்டாது. காலியான டேங்கிலும் மண்ணெண்ணெய் ஆவி இருக்கும், அதன் மேல் நெருப்பைக் காட்டவே கூடாது. சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி, ஈயப் பற்று வைக்கும் இடம்வரை தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்தே வேலை செய்ய வேண்டும். பழகிய பட்டறைக்காரரிடம் கொடுப்பதே நல்லது.

எம்சீல் போன்ற பசையை நம்பாதீர்கள். விளக்கு எரியும்போது உள்ளே சுமார் 2 பார் அழுத்தம், கிட்டத்தட்ட கார் டயரில் இருக்கும் அளவு.

விரிசல் கோடாக ஓடினால் நிலைமை வேறு. டேங்கைச் செய்யும்போது பித்தளையில் தங்கிய இறுக்கமும் அம்மோனியாவும் சேர்ந்தால் அப்படி விரிசல் விடும். ஓரிடத்தை அடைத்தால் பக்கத்தில் பிளக்கும். (அம்மோனியா கலந்த பாலிஷ் வேண்டவே வேண்டாம்.) அப்படி விரிசல் விட்ட டேங்கையும், உள்ளே துருப்பிடித்து மெலிந்த இரும்பு டேங்கையும் மாற்றத்தான் வேண்டும். அதே மாடலின் உடைந்த விளக்கிலிருந்து டேங்க் கிடைத்தால் வாங்குங்கள். திருகு மரை அளவு ஒத்துப்போகும்.

பழுது பார்த்த டேங்கில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் நிரப்பி, காற்றடித்து ஓர் இரவு வையுங்கள். அழுத்தம் காட்டும் முள் இறங்காவிட்டால் மண்ணெண்ணெய் ஊற்றலாம்.