மேஜிக்கே பார்க்காத ஊரில் முதல் ஷோ: சீட்டுக்கட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்

கேள்வி: கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆசைக்காக மேஜிக் பழகி, பிறந்தநாள் விழாக்களில் செய்துவருகிறேன். அடுத்த மாதம் நண்பர்களோடு ஜவ்வாது மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போகிறோம். அங்குள்ள பிள்ளைகளும் ஊர்ப் பெரியவர்களும் மேஜிக்கை நேரில் பார்த்ததே இல்லையாம். எனக்குத் தெரிந்ததில் பாதி சீட்டு வித்தைதான். ஒருவர் பதினெட்டாயிரத்துக்கு 'ஸ்டேஜ் செட்' வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? பிள்ளைகள் பயந்துவிடுவார்களா, பெரியவர்கள் நிஜம் என்று நம்பிவிடுவார்களா? மைக் தேவையா?

பதில்: செட் வாங்காதீர்கள் தம்பி. மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம், முன்பணம் கொடுத்திருந்தால் முதலில் அதைத் திரும்பக் கேளுங்கள்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். மரப்பிடி போட்ட வெல்வெட் பை ஒன்று, மூடியைத் திறந்தால் மிட்டாய் வரும் பளபளப்பான பாத்திரம், இறகில் செய்த பூங்கொத்து, கைக்குட்டையாக மாறும் குச்சி, நான்கைந்து வளையம். மேஜிக் பார்த்துப் பழகியவர்களுக்கு இதெல்லாம் சரி. முதல்முறை பார்க்கிற பிள்ளைக்கு அந்த வெல்வெட் பை என்ன சாமான் என்றே தெரியாது. அதில் போட்ட கைக்குட்டை காணாமல் போனால், ஓ, அந்தப் பை அதற்குத்தான் போல என்று இருந்துவிடும். மிக்ஸியில் போட்ட தேங்காய் சட்னியாக வந்தால் நாம் கைதட்டுகிறோமா? தெரிந்த பொருள் ஒன்று செய்யாததைச் செய்ய வேண்டும், அப்போதுதான் ஆள் அசருவான். விற்கிறவருக்கு இந்தக் கவலை கிடையாது. அவர் உங்களிடம் ஒரு செட்டைத் தள்ளிவிட்டு, ஆறு மாதத்தில் 'புதுசு வந்திருக்கு' என்று மறுபடி கூப்பிடுவார். பழையதைப் பாதி விலைக்குக்கூட எடுத்துக்கொள்ள மாட்டார்.

சீட்டும் வேண்டாம். ஒரு கட்டில் 52 சீட்டு, நான்கு ஜாதி என்று தெரியாதவருக்கு நீங்கள் ஹார்ட்டின் ஏழைச் சரியாக எடுத்துக் காட்டியதில் என்ன இருக்கிறது? தெரிந்தவர்களோ அதைக் காசு வைத்து ஆடுகிற ஆட்டமாகத்தான் பார்த்திருப்பார்கள். பள்ளிக்கூட வளாகத்தில் சீட்டுக்கட்டைப் பிரித்தால் தலைமையாசிரியர் முகம் எப்படிப் போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கயிறு, காசு, எலுமிச்சம்பழம், ஒரு துண்டு போதும். கயிற்றை வெட்டி ஒட்டுவது எல்லாரும் செய்கிற பழைய வித்தை என்று இளக்காரமாக நினைக்காதீர்கள், அங்கே அது புதிது. பருத்திக் கயிறு வாங்கி உள்ளே ஓடும் நூலை உருவிவிடுங்கள், மெத்தென்று மடியும், வெட்டிய இடமும் தனியாகத் தெரியாது. கத்தி மட்டும் உங்களுடையது வேண்டாம். ஊரில் ஒரு பெரியவரைக் கூப்பிட்டு அவர் கத்தியாலேயே வெட்டச் சொல்லுங்கள், முடிந்ததும் இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகளை விட்டு இழுக்கச் சொல்லுங்கள். காசுக்கு ஐந்து ரூபாய் நல்லது, சின்னக் காசு பின்வரிசைக்குத் தெரியாது. கூட்டத்தில் ஒருவரிடமே வாங்கி, பேனாவில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லி, முழங்கையில் தேய்த்து மறைத்து, அவர் தோள் துண்டிலிருந்தே எடுத்துக் கொடுங்கள். மொத்தமே நான்கு வித்தை, இருபது நிமிடம்.

உட்காரும் விஷயத்தில் ஒன்று. பிறந்தநாள் வீட்டில் எல்லாரும் எதிரில் உட்காருவார்கள். அங்கே உங்களைச் சுற்றி நிற்பார்கள், நான்கு பையன்கள் பின்னாலிருக்கும் சுவரில் ஏறிவிடுவார்கள். காசைக் கைக்குள் ஒளிக்கிற 'பாமிங்' எல்லாம் பின்னாலிருந்து பார்த்தால் அப்பட்டம். அதனால் ஜன்னல் இல்லாத ஒரு சுவரை ஒட்டி முதுகைக் கொடுத்து நில்லுங்கள். பொருளை உள்ளே ஒளிக்கிற போலிக் கட்டைவிரல், அதாவது 'தம்ப் டிப்' வைத்திருந்தால் அதையும் எடுத்துப் போகாதீர்கள். கடையில் கிடைக்கிற கட்டைவிரல் உறை வெள்ளைக்காரன் விரலுக்குச் செய்த ரோஸ் நிறம். நம் கையில் மாட்டி வெயிலில் நின்றால் தீயில் சுட்ட விரல் மாதிரித் தனியாகத் தெரியும். 'இந்தியன் கலர்' என்று கூடுதல் விலைக்கு ஒன்று விற்கிறார்கள், அது செங்கல் நிறம். எந்த இந்தியனைப் பார்த்துச் செய்தார்களோ.

கைதட்டல் வராது. அதற்குத் தயாராகப் போங்கள். எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்பதும் பார்த்துப் பார்த்துப் பழகுவதுதான். அமைதியாக இருக்கிறார்களே என்று பதறி அடுத்த வித்தைக்குத் தாவினீர்கள் என்றால் முந்தையதும் கெட்டுவிடும். இன்னொன்று, நேரில் பார்த்ததில்லையே தவிர அவர்களும் செல்போனில் ஆயிரம் வீடியோ பார்த்தவர்கள்தான், 'எடிட்டிங்' என்ற வார்த்தை தெரியாத பையன் இன்று எந்த மலையிலும் இல்லை. அதனால் கையை நீட்டிப் பொருளைப் பிடுங்குவான். கொடுத்துவிடுங்கள். கொடுக்க முடியாத பொருள் எதுவும் உங்களிடம் இருக்கக் கூடாது.

பயப்படுவார்களா, நம்புவார்களா? மலையில் இருப்பவர்கள் சுலபமாக நம்பிவிடுவார்கள் என்று நகரத்துக்காரர்களுக்கு ஒரு நினைப்பு. 1956-ல் பி.பி.சி. தொலைக்காட்சியில் நம் வங்காளத்து மேஜிக்காரர் பி.சி. சர்க்கார் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுக்கும் வித்தையைச் செய்தார், முடிவில் அந்தப் பெண் எழுந்து வருவதற்குள் நிகழ்ச்சியை முடித்துவிட்டார்கள். நிஜமாகவே செத்துவிட்டாள் என்று நினைத்து பிரிட்டனில் ஜனங்கள் போன் மேல் போன் போட்டார்கள். அதற்கு நூறு வருடம் முன்னால், 1856-ல், பிரான்ஸ் அரசு ராபர்ட் ஹூடின் என்ற மேஜிக்காரரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அந்த ஊர் மக்கள் தங்கள் மதப் பெரியவர்களை விட்டு பிரெஞ்சுக்காரனைக் கண்டு பயப்பட வேண்டும், அதற்காக. ஒரு பலசாலியைக் கூப்பிட்டு உன் பலத்தைப் பிடுங்கிவிட்டேன் என்று சொல்லி, சின்னப் பெட்டியைத் தூக்கச் சொன்னார். அடியில் மின்காந்தம், பெட்டி அசையவில்லை, கூடவே ஷாக் வேறு. நம் தொழிலில் இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அருவருப்பாக இருக்கும். பயமுறுத்த நினைத்தால்தான் பயப்படுவார்கள். மந்திரம் முணுமுணுக்காதீர்கள், மண்டை ஓடு, கறுப்பு அங்கி வேண்டாம், விபூதி வரவழைக்கவே வேண்டாம்.

ரகசியத்தைச் சொல்லக் கூடாது என்பது நம் முதல் பாடம். ஒரே ஒரு விதிவிலக்கு. ஷோ முடிந்ததும் யாராவது ஒதுங்கி நின்று, என் பிள்ளைக்குக் காய்ச்சல் விடவே இல்லை, கொஞ்சம் பாருங்கள் என்றோ, ஆடு காணவில்லை, எங்கே என்று சொல்லுங்கள் என்றோ கேட்டால், உடைத்துவிடுங்கள். 'எனக்கு ஒன்றும் தெரியாதுங்க' என்று சொன்னால் போதாது. சக்தி இருப்பவன் அப்படித்தான் அடக்கமாகச் சொல்வான் என்று எடுத்துக்கொள்வார்கள். உட்கார வைத்து, காசு வித்தையை மெதுவாகச் செய்து, எந்தக் கையில் ஒளித்தேன் என்று திறந்து காட்டி, காசை அவர் கையில் கொடுத்து அவரையே செய்யச் சொல்லுங்கள். கீழே போடுவார், சிரிப்பார், விஷயம் முடிந்தது. பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். அந்த ஒரு வித்தை மட்டும், அவருக்கும் கூட வந்தவர்களுக்கும் மட்டும். அப்போ டீச்சர் கேட்டால்? சொல்லாதீர்கள். எப்படி அண்ணா என்று பையன் கேட்டால்? சொல்லாதீர்கள், அவன் நம்பிக் கேட்கவில்லை, கண்டுபிடிக்கப் பார்க்கிறான், பார்க்கட்டும். நம்பிக் கேட்பவருக்கு மட்டும்தான். மந்திரத்தால், தாயத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே சட்டம் போட்டாயிற்று. தாயத்து விளம்பரம் ராத்திரி டிவியில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது.

பள்ளி அனுமதிக்கு நேராகத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் மேலே எழுதச் சொல்வார், மேலே இருப்பவர் அவரிடமே கேட்கச் சொல்வார், ஒரு முழம் கயிறு காட்ட மூன்று மேசை ஏறி இறங்க வேண்டும். எனக்கு ஒரு பள்ளியில் அனுமதிக் கடிதம் வந்தபோது முழுப் பரீட்சை லீவு விட்டாகிவிட்டது. இந்த அலைச்சலைப் பார்த்துத்தான் 'ஒருங்கிணைப்பாளர்' என்று ஒருவர் முளைப்பார். எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வந்து நின்றால் போதும் என்பார். உங்களிடம் சேவை என்று சொல்லிவிட்டு, அங்கே பிள்ளைகளிடம் தலைக்குப் பத்து, இருபது வசூலித்திருப்பார். கடிதத்திலேயே 'கட்டணம் எதுவும் வசூலிக்கக் கூடாது' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், ஆள் தானாகக் கழன்றுகொள்வார்.

பிளேடு, ஊசி, காசு எதையும் விழுங்குவது போலக் காட்டாதீர்கள். நீங்கள் பஸ் ஏறுவதற்குள் ஒரு பொடியன் செய்து பார்த்திருப்பான். நெருப்பு பட்டதும் குபீரென்று எரிந்து மறைகிற ஃப்ளாஷ் பேப்பரும் வேண்டாம், அதைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலோ ரயிலிலோ போகவும் கூடாது, பக்கத்தில் கூரை வீடு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

மைக் தேவையில்லை. இரண்டு கையும் காலியாக இருக்கட்டும்.