ஊதியமில்லாப் பொறுப்பும் உறவினரின் விலைப்புள்ளியும்

கேள்வி: ஒரு தொண்டு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் ஊதியமின்றிப் பணியாற்றுகிறேன். ஆண்டறிக்கையை அச்சிட என் தம்பியின் அச்சகமும் விலைப்புள்ளி கொடுத்திருக்கிறது; அதுவே குறைந்த விலை. நான் வாக்களிக்காமல் இருந்துவிட்டால் போதுமல்லவா?

பதில்: போதாது. விலைப்புள்ளி உறைகளைப் பிரிப்பதற்கு முன்பே இந்த உறவைக் குழுவுக்கு எழுத்துமூலம் தெரிவித்திருக்க வேண்டும். இதுவரை தெரிவிக்கவில்லையெனில் இன்றே தெரிவியுங்கள். நலன் முரண்பாடு, அதாவது சொந்த உறவோ ஆதாயமோ குழுப் பொறுப்போடு மோதும் நிலை, குற்றமல்ல. தொழில் தொடர்புகள் உள்ளவர்களைத்தான் குழுக்கள் தேடிச் சேர்க்கின்றன என்பதால் அது எழுவது இயல்பே. மறைக்கும்போதுதான் பழி வருகிறது. ஊதியம் பெறவில்லை என்பதும் இதில் விலக்காகாது.

விவாதம் தொடங்கியதும் அறையை விட்டு வெளியேறிவிடுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும், "தாள் மட்டமாக இருக்கிறதே" என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எந்த உறுப்பினருக்கு நா எழும்? நீங்கள் உறவை அறிவித்தது, வெளியேறியது, மற்றவர்கள் ஒப்பிட்ட விலைகள், தேர்வுக்கான காரணம் ஆகிய அனைத்தும் கூட்டக் குறிப்பேட்டில் பதிவாக வேண்டும். பின்னாளில் ஐயம் எழுந்தால் தணிக்கையாளர் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். நீங்கள் வெளியேறினால், கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் போகுமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது ஒப்பந்தத்துக்குப் பிந்தைய கட்டத்தில். அச்சு வேலையின் தரத்தைச் சரிபார்ப்பதும், பில் தொகைக்கு ஒப்புதல் அளிப்பதும், காசோலையில் கையெழுத்திடுவதும் வேறொருவர் பொறுப்பாக இருக்கட்டும். உறுப்பினர்களின் உறவினரோடு வணிகமே கூடாது என்று நிறுவன விதி இருந்தால், குறைந்த விலை என்ற வாதமும் எடுபடாது.