கென்யா போக மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? மலேரியாவுக்கு எந்த மாத்திரை?

சென்னையிலிருந்து நைரோபி, மசாய் மாரா, மொம்பாசா என்று 12 நாள் பயணம், கூடவே 4 வயது மகளும் 63 வயது அம்மாவும். "இந்தியாவிலிருந்து போகிறவர்களிடம் கென்யாவில் ஊசி அட்டை கேட்கமாட்டார்கள்" என்று ஏஜெண்ட் சொல்வதை நம்பலாமா என்பது உங்கள் கேள்வி.

அவர் சொல்வது பாதி சரி. கேட்கப்போவது கென்யா அல்ல, திரும்பி இறங்கும்போது நம் விமான நிலையம். மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் கிடையாது. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, அதாவது டெங்குவைப் பரப்பும் அதே கொசு, தெருவுக்குத் தெரு இருக்கிறது. நோயோடு ஒருவர் வந்திறங்கினால் போதும் என்ற பயத்தில்தான் இவ்வளவு கெடுபிடி. நோய் உள்ள நாட்டிலிருந்து கிளம்பி 6 நாளுக்குள் அட்டை இல்லாமல் வந்தால், அந்த 6 நாள் முடியும்வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். நைரோபி, மொம்பாசா நகரங்களில் மஞ்சள் காய்ச்சல் ஆபத்து உண்மையில் மிகக் குறைவு. இருந்தாலும் விதி கென்யாவை ஒரே நாடாகத்தான் பார்க்கிறது. அங்கிருந்து அப்படியே தான்சானியாவின் சான்சிபார் தீவுக்கும் போகும் எண்ணமிருந்தால், கென்யாவிலிருந்து வருபவர்களிடம் தான்சானியாவும் அட்டை கேட்கும்.

தனியார் மருத்துவமனையில் எங்கேயாவது போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டால்தான் அட்டை செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் துறைமுக சுகாதார நிலையமும் அப்படிப்பட்டவை. ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். கலக்கியபின் அதிகபட்சம் 6 மணி நேரம்தான் தாங்கும். அதனால் ஆள் சேர்த்து, நாள் குறித்துத்தான் போடுவார்கள். முன்பதிவு செய்துவிட்டே போங்கள். இன்னொன்று, மஞ்சள் காய்ச்சல் வேறு, மஞ்சள் காமாலை வேறு. மருந்துக் கடையில் "மஞ்சள் ஊசி" என்று கேட்டால் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை எடுத்துத் தந்துவிடுவார்கள்.

ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும். டிசம்பர் 5 அன்று போட்டால் 15 முதல். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும். 2016 ஜூலைக்கு முன் தந்த பழைய அட்டையில் 10 ஆண்டு என்று இருந்தாலும் அதுவும் செல்லும். அட்டையைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று சரிபாருங்கள்: பாஸ்போர்ட் எண், மருந்தின் பேட்ச் எண், முத்திரை, உங்கள் கையெழுத்து. நம்மவர்களுக்கு வழக்கமாக இடறுவது இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்க, அட்டையில் "எம். குமார்" என்று எழுதியிருந்தால் கவுண்டரில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து, கோழிக்கருவில் வளர்த்துத் தயாரிக்கும் மருந்து. முட்டைக்குக் கடுமையான அலர்ஜி உள்ளவர்களுக்கும் நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் ஆகாது. 60 வயதுக்கு மேல் முதன்முறையாகப் போடும்போது கடுமையான பக்கவிளைவு வாய்ப்பு கூடுகிறது. அபூர்வம்தான், ஆனால் அம்மா விஷயத்தில் மருத்துவரிடம் பேசாமல் வரிசையில் நிறுத்தாதீர்கள். ஊசி கூடாது என்றால் அதற்கான விலக்குச் சான்றை முத்திரையோடு வாங்க வேண்டும். திரும்பும்போது விமான நிலைய சுகாதார அதிகாரி அதை ஏற்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மகளுக்கு எம்எம்ஆர் போன்ற வேறு உயிர்த் தடுப்பூசி பாக்கியிருந்தால் அதே நாளில் போடலாம், இல்லையென்றால் 4 வாரம் இடைவெளி வேண்டும்.

மலேரியாவுக்கு வருவோம். இதற்குச் சுற்றுலாப் பயணிகளுக்கான ஊசி இல்லை. ஆப்பிரிக்காவில் போடப்படும் மலேரியா தடுப்பூசிகள் அங்குள்ள குழந்தைகளுக்கானவை. பலர் வீட்டிலிருக்கும் பழைய மலேரியா மாத்திரையான குளோரோகுயினை எடுத்துப் போகிறார்கள். சென்னையில் வருவது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை, அதற்கு அது கேட்கும். கென்யாவில் இருப்பது ஃபால்சிபாரம், குளோரோகுயினுக்கு மசியாது, ஆளையும் கொல்லும்.

உங்கள் பயணத்துக்கு என் தேர்வு அடோவாகுவோன்-புரோகுவானில், 250/100 மில்லிகிராம், தினம் ஒன்று. கிளம்புவதற்கு 1 நாள் முன், அங்கே 12 நாள், வந்தபின் 7 நாள்: ஆளுக்கு 20 மாத்திரை. பாலோடோ கொழுப்புள்ள சாப்பாட்டோடோ போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. 11 முதல் 20 கிலோ வரையுள்ள குழந்தைக்குக் கால் பங்கு அளவு. எல்லாக் கடையிலும் இருக்காது, முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இது பொருந்தாமல் போகலாம்.

விலை குறைவான மாற்று டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம். 8 வயதுக்குக் கீழ் கூடாது, கர்ப்பிணிகளுக்கும் கூடாது. நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். மொம்பாசா வெயிலில் தோலும் சீக்கிரம் கன்றும்.

டாக்சிசைக்ளினை வந்தபின் 4 வாரம் தொடர வேண்டும், இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கொசு கடித்ததும் கிருமி முதலில் கல்லீரலுக்குப் போய் ஒரு வாரமாவது பதுங்கும். டாக்சிசைக்ளினின் வேலையோ முக்கியமாக ரத்தத்தில்தான். கடைசி நாள் கடித்த கொசுவின் கிருமி சென்னையில் வைத்துத்தான் ரத்தத்துக்குள் இறங்கும், அப்போது மாத்திரை உள்ளே இருக்க வேண்டும். அடோவாகுவோன் கல்லீரலிலேயே கைவைப்பதால் 7 நாளோடு விடுகிறது.

மலேரியா கொசு கடிப்பது அந்தி முதல் விடியல் வரை. அந்த நேரத்தில் முழுக்கைச் சட்டை, டீட் (DEET) என்ற கொசுவிரட்டி மருந்து 20 சதவீதத்துக்குக் குறையாத பூச்சு, கொசுவலை. சன்ஸ்கிரீன் பூசுவதானால் அது முதலில், டீட் அதன்மேல்.

எந்த மாத்திரையும் நூறு சதவீதம் காக்காது. திரும்பி வந்து 3 மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தத்தில் மலேரியா பாருங்கள். டெங்குவைப் போலவே இதிலும் பிளேட்லெட் இறங்கும், அதனால் மழைக்காலத்தில் கிளினிக்கில் முதலில் டெங்கு என்றுதான் நினைப்பார்கள். உட்கார்ந்ததுமே "கென்யா போய்விட்டு வந்தேன்" என்று சொல்லுங்கள். முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்து மறுபடி, தேவைப்பட்டால் மூன்றாம் முறையும் எடுக்கச் சொல்லுங்கள்.