ராயல் ஆஸ்காட்: கர்ராவில் வென்ற குதிரை அங்கேயும் வெல்லுமா?

கேள்வி: டப்ளினில் வேலை பார்க்கிறேன்; இந்திய பாஸ்போர்ட். உடன் வேலை செய்யும் அயர்லாந்து நண்பர்களோடு ஜூன் மாதம் முதன்முறையாக ராயல் ஆஸ்காட் (லண்டனுக்கு அருகே நடக்கும் குதிரைப் பந்தய விழா) போகத் திட்டம். அயர்லாந்தின் கர்ரா மைதானத்தில் ரேஸ் பார்த்துப் பழக்கம் உண்டு. நண்பர்கள் அயர்லாந்துக் குதிரை என்றாலே கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டுகிறார்கள். கர்ராவில் ஜெயித்த குதிரையை ஆஸ்காட்டிலும் நம்பலாமா? அயர்லாந்துப் பயிற்சியாளர் ஏய்டன் ஓ'பிரையன் ஒரே ரேஸில் மூன்று குதிரைகளை இறக்கினால் எதைப் பார்ப்பது? ஈச்-வே என்ற பந்தய முறையின் கணக்கையும் விளக்குங்கள்.

பதில்: நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன், அதற்குத்தான் அவகாசம் வேண்டும். உங்கள் நண்பர்கள் விசா இல்லாமல் லண்டன் போய் வருவார்கள். உங்களால் அது முடியாது. அயர்லாந்தின் குடியிருப்பு அட்டை பிரிட்டனுக்குள் நுழையச் செல்லாது. இந்திய பாஸ்போர்ட்டுக்குத் தனியாக பிரிட்டன் விசிட்டர் விசா எடுக்க வேண்டும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக மூன்று வாரம் ஆகும். மே மாதக் கடைசியில் நினைவு வந்தால் டிக்கெட் காசு போனதுதான்.

இனி குதிரைகள். ராயல் ஆஸ்காட் ஜூன் நடுவில் செவ்வாய் முதல் சனி வரை ஐந்து நாள், நாளுக்கு ஏழு ரேஸ், மொத்தம் 35. அவற்றில் எட்டு, குரூப் 1 எனும் உச்சத் தரம். அயர்லாந்துக்காரர்களின் நம்பிக்கை வீண் நம்பிக்கை அல்ல. 2023 முதல் இந்த விழாவில் மிக அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளர் ஓ'பிரையன்தான். ஆஸ்காட்டின் நீண்ட தூர ரேஸான கோல்ட் கப்பை மட்டும் 2024 வரை ஒன்பது முறை வென்றிருக்கிறார். அதில் நான்கு, 2006 முதல் 2009 வரை தொடர்ந்து யீட்ஸ் என்ற ஒரே குதிரை கொண்டுவந்தவை. ஆனால் இது ஊருக்கே தெரிந்த செய்தி. புக்மேக்கர் (பந்தயம் ஏற்பவர்) சொல்லும் விலையில் அந்தப் புகழ் ஏற்கெனவே ஏறியிருக்கும். தகுதிக்கு 5/1 (ஒரு பவுண்டுக்கு ஐந்து பவுண்ட் லாபம்) கிடைக்க வேண்டிய குதிரை, பச்சைக் கொடியோடு வருபவர்களின் பணம் குவிவதால் 3/1 ஆகிவிடும். அதனால் அயர்லாந்து ரசிகர் உழைக்க வேண்டிய இடம், அயர்லாந்து ஓட்டங்களை ஆஸ்காட் கண்ணோடு திரும்பப் படிப்பதுதான்.

முதலில் தரை. அயர்லாந்தில் ‘யீல்டிங்’ என்று அறிவித்தால், பிரிட்டனில் அது ஏறக்குறைய ‘குட் டு சாஃப்ட்’: குளம்பு கொஞ்சம் அமுங்கும் ஈரத் தரை. மே மாதக் கடைசியில் கர்ராவில் கின்னிஸ் (மூன்று வயதுக் குதிரைகளுக்கான மைல் ரேஸ்கள்) வார இறுதி பல ஆண்டுகளில் இப்படித்தான் நடக்கிறது. ஆஸ்காட்டிலோ தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். இரண்டு நாள் வெயிலடித்தால் தரை ‘குட் டு ஃபர்ம்’ ஆகிவிடும். குளம்பு அமுங்கினால்தான் கால் நீட்டி ஓடும் குதிரை அந்த இறுகிய தரையில் அடியைச் சுருக்கிக்கொள்ளும். ஜாக்கி தள்ளினாலும் வேகம் கூடாது. ஆகவே குதிரையின் பழைய ஓட்டங்களில் ‘வெற்றி’ என்ற கட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் தரை என்ன என்று எழுதியிருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள். ஈரத்தில் நான்கு குதிரை நீளத்தில் ஜெயித்த குதிரையைவிட, ‘குட்’ தரையில் அரை நீளத்தில் தோற்ற குதிரையை நான் மேலாக மதிப்பேன்.

இதற்கு அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளே சாட்சி. 2024-ல் கர்ராவின் டாட்டர்சால்ஸ் கோல்ட் கப்பில் ஒயிட் பர்ச்சிடம் தோற்று இரண்டாவதாக வந்த அகஸ்டு ரோடின், ஆஸ்காட்டில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஸ்டேக்ஸை வென்றது. அது உறுதியான தரையை விரும்பும் குதிரை. 2025-ல் அதே கர்ரா ரேஸை வென்ற லாஸ் ஏஞ்சலிஸ் ஆஸ்காட்டில் முதல் மூன்று இடத்துக்குள்கூட வரவில்லை. அது ஈரத்தில் பேர் எடுத்த குதிரை. கர்ரா முடிவை மட்டும் நம்பியவர்கள் இரண்டு ஆண்டும் ஏமாந்தார்கள்.

அடுத்து ஓடுபாதை. கர்ராவைப் போலவே ஆஸ்காட்டும் வலப்பக்கம் திரும்பும் பாதை. கடைசியில் ஏற்றமும் உண்டு. அந்த வகையில் இடப்பக்கம் திரும்பும் லெப்பர்ட்ஸ்டவுன் ஓட்டத்தைவிட கர்ரா ஓட்டம் நல்ல அளவுகோல். வித்தியாசம் கடைசி நேர்ப்பாதையில் இருக்கிறது. ஆஸ்காட் வட்டப்பாதையின் தாழ்வான இடம் ஸ்வின்லி பாட்டம். அங்கிருந்து சுமார் 22 மீட்டர் உயரம் ஏறித்தான் முடிவுக்கு வர வேண்டும். வளைவைத் தாண்டிய பின் இருக்கும் நேர்ப்பாதை இரண்டரை ஃபர்லாங்தான், ஏறக்குறைய 500 மீட்டர். கடைசியில் பாய்ந்து ஜெயிக்கும் குதிரைக்கு கர்ராவில் வழி தேட நேரம் கிடைக்கும். ஆஸ்காட்டில் வளைவில் உள்ளே மாட்டிக்கொண்டால், வழி திறப்பதற்குள் ரேஸ் முடிந்துவிடும். மூன்று வயதுக் குதிரைகளுக்கான செயின்ட் ஜேம்ஸ் பேலஸ் ஸ்டேக்ஸும் காரனேஷன் ஸ்டேக்ஸும் இந்த வட்ட மைலில் நடப்பவை. இவற்றில் முன்வரிசையிலேயே ஓடத் தெரிந்த குதிரைக்குத்தான் என் ஓட்டு.

அயர்லாந்து கின்னிஸ் ரேஸ்களில் வென்றவை நேராக வந்து சேர்வது இந்த இரண்டுக்குத்தான். 2018-ல் ஆல்ஃபா சென்டாரி, 2023-ல் பாடிங்டன் இரண்டும் கர்ராவில் வென்று ஆஸ்காட்டிலும் வென்றன. ஆனால் 2017-ல் சர்ச்சில், நியூமார்க்கெட் கின்னிஸ், கர்ரா கின்னிஸ் இரண்டையும் வென்ற பின் ஆஸ்காட்டில் தோற்றது. ஆறு ஏழு வாரத்துக்குள் மூன்றாவது பெரிய ரேஸ் என்பது மூன்று வயதுக் குதிரைக்குக் கனமான சுமை. அதனால் மே மாதத்தில் எத்தனை முறை ஓடியது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு முறை மட்டும் ஓடி, முடிவில் நெருங்கி வந்த குதிரைக்கு விலையும் நன்றாகக் கிடைக்கும். 2025 காரனேஷன் ஸ்டேக்ஸை 33/1 விலையில் வென்ற செர்சீன், டிப்பரேரியின் ஜோ மர்ஃபி என்ற சிறிய பயிற்சியாளரின் குதிரை; அவருக்கு அதுதான் முதல் குரூப் 1 வெற்றி. பெரிய கொட்டில்களின் பெயர்களுக்கு அப்பாலும் அயர்லாந்து இருக்கிறது.

ஆஸ்காட் கோல்ட் கப்புக்குப் போகும் வழி வேறு. நேவனில் விண்டேஜ் கிராப் ஸ்டேக்ஸ், லெப்பர்ட்ஸ்டவுனில் சாவல் பெக் ஸ்டேக்ஸ். 2022-லும் 2024-லும் கிப்ரியோஸ் இந்த இரண்டையும் வென்றுதான் கோல்ட் கப் எடுத்தது. இங்கே கவனிக்க வேண்டியது தூரம். அந்தச் சோதனை ரேஸ்கள் ஒன்றேமுக்கால் மைல் அளவு; கோல்ட் கப் இரண்டரை மைல், அதாவது நான்கு கிலோமீட்டர். கூடுதலாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும், அதுவும் கடைசியில் ஏற்றத்தில். சோதனை ரேஸின் கடைசி 200 மீட்டரைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். கோட்டைத் தாண்டிய பிறகும் இழுத்துக்கொண்டு ஓடுகிறதா, தாண்டியதும் துவண்டு நிற்கிறதா? 2024-ல் ட்ராலர்மேன் நேர்ப்பாதையில் முந்திய பிறகும் கிப்ரியோஸ் திரும்பப் போராடி ஜெயித்தது. அந்தத் தெம்பைத்தான் தேட வேண்டும்.

இரண்டு வயதுக் குட்டிகளின் ரேஸ்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தகவலே குறைவு. நேஸ் மைதானத்தின் மே மாத ஆஸ்காட் சோதனை நாளையும், கர்ராவின் மார்பிள் ஹில் ஸ்டேக்ஸையும் பாருங்கள். 2016-ல் காரவாஜியோ மார்பிள் ஹில்லிலிருந்துதான் ஆஸ்காட்டின் கவென்ட்ரி ஸ்டேக்ஸுக்குப் போய் வென்றது. ஐந்து ஃபர்லாங் ரேஸ்களில் அமெரிக்கப் பயிற்சியாளர் வெஸ்லி வார்டின் குட்டிகள் கதவு திறந்ததும் பறந்துவிடும். 2023 நார்ஃபோக் ஸ்டேக்ஸை ஏட்ரியன் மரேயின் வேலியன்ட் ஃபோர்ஸ் 150/1-ல் வென்றது. இந்த ரேஸ்களில் பெரிய தொகை கட்டாதீர்கள்.

ஓ'பிரையனின் மூன்று குதிரைகள் பற்றிய கேள்வி. பிரிட்டனில் ஃபிளாட் ரேஸ்களுக்கு இறுதிப் பெயர்ப்பட்டியல் 48 மணி நேரம் முன்னால் முடிவாகும். செவ்வாய் ரேஸுக்கு ஞாயிறு காலை. அதற்கு முன் அவர் ஒரே குதிரையை இரண்டு மூன்று ரேஸ்களில் பதிந்து வைத்திருப்பார். முன்கூட்டியே பணம் கட்டி, குதிரை வேறு ரேஸுக்குப் போய்விட்டால், ‘ஓடாவிட்டால் பணம் திரும்பும்’ என்ற நிபந்தனை இல்லாத பந்தயத்தில் பணம் போய்விடும். ஞாயிறு வரை பொறுங்கள். பட்டியல் வந்ததும் ஜாக்கி ரயன் மூர் எதில் ஏறுகிறார் என்று பாருங்கள், கொட்டிலின் முதல் நம்பிக்கை வழக்கமாக அதுதான். அடுத்து, மற்ற இரண்டில் ஒன்று முன்னால் ஓடி வேகம் போட்டுக்கொடுக்க வந்ததா என்று அதன் பழைய ஓட்டங்களில் பாருங்கள். அப்படி ஒன்று இருந்தால் ரேஸ் உண்மையான வேகத்தில் போகும். நீண்ட மூச்சுள்ள குதிரைக்குச் சாதகம். களத்தில் ஒரே உரிமையாளரின் நிறச் சட்டை இரண்டு வந்தால், தொப்பியின் நிறத்தை வைத்துப் பிரித்தறியுங்கள்.

ஹேண்டிகேப் ரேஸ்களில் (குதிரையின் திறனுக்கேற்ப எடை ஏற்றிச் சமன்செய்பவை) அயர்லாந்தின் பலம் வேறோர் இடத்தில் இருக்கிறது: தடை தாண்டும் குதிரைகளை வைத்திருப்பவர்களிடம். வில்லி மலின்ஸ் 2012-ல் சிமனன் என்ற ஒரே குதிரையை வைத்து, அதே வாரத்தில் இரண்டரை மைல் ஆஸ்காட் ஸ்டேக்ஸையும் சனிக்கிழமைக் கடைசி ரேஸான குயின் அலெக்சாண்ட்ராவையும் வென்றார். ஃபிளாட் ரேஸில் அதிகம் ஓடாததால் அந்தக் குதிரைகளுக்கு ஏற்றப்படும் எடை குறைவாக இருக்க வாய்ப்புண்டு, மூச்சு அதிகம்.

ராயல் ஹன்ட் கப், வோக்கிங்ஹாம் போன்றவை நேர்ப்பாதையில் முப்பது குதிரைகள் வரை ஓடும் கூட்ட ரேஸ்கள். சிறிய ஸ்டால் (குதிரை புறப்படும் கூண்டு) எண்கள் பார்வையாளருக்கு எதிர்ப்புறம், பெரிய எண்கள் நம் பக்கம். கூட்டம் இரண்டாகப் பிரிந்தால், வேகமாக ஓடும் குதிரை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே பெரும்பாலும் ஜெயிக்கும். செவ்வாய் நடக்கும் குயின் ஆன், கவென்ட்ரி இரண்டும் இதே நேர்ப்பாதைதான். அவற்றில் முதல் நான்கு குதிரைகள் எந்தப் பக்கம் வந்தன என்று குறித்துக்கொண்டு, புதன்கிழமை ஹன்ட் கப்புக்கு முடிவெடுங்கள். இரவில் மழையோ, தண்ணீர் பாய்ச்சலோ நடந்தால் அந்தக் குறிப்பு செல்லாது.

ஈச்-வே என்பது இரண்டு பந்தயம்: ஒன்று வெற்றிக்கு, ஒன்று இடத்துக்கு. 5 பவுண்ட் ஈச்-வே என்றால் உங்கள் கையிலிருந்து 10 பவுண்ட் போகும். 16-ம் அதற்கு மேலும் ஓடும் ஹேண்டிகேப்பில் வழக்கமாக நான்கு இடம், விலையில் நான்கில் ஒரு பங்கு. 20/1 குதிரை நான்காவது வந்தால் இடப் பந்தயம் 5/1: 25 பவுண்ட் லாபமும் கட்டிய 5 பவுண்டும் சேர்த்து 30 கிடைக்கும். வெற்றிக்குக் கட்டிய 5 போனதைக் கழித்தால் நிகர லாபம் 20. குரூப் ரேஸ்களில் எட்டும் அதற்கு மேலும் ஓடினால் மூன்று இடம், ஐந்தில் ஒரு பங்கு. அங்கே 4/1 குதிரை மூன்றாவது வந்தால் 9 பவுண்ட்தான் திரும்பும், 10 கட்டிய உங்களுக்கு ஒரு பவுண்ட் நட்டம். ஆகவே குரூப் ரேஸில் 5/1-க்குக் கீழே ஈச்-வே கட்டாதீர்கள்.

பலர் கவனிக்காத பொறி ஒன்று உண்டு. 16 குதிரைகளில் ஒன்று கடைசி நேரத்தில் விலகி 15 ஆனால், நான்கு இடம் மூன்றாகிவிடும். எட்டு ஏழானால் மூன்று இரண்டாகும். விலகியது விலை குறைந்த குதிரை என்றால், ஏற்கெனவே விலை உறுதி செய்து கட்டியவர்களின் லாபத்திலும் வெட்டு விழும். 4/1 குதிரை விலகினால் லாபத்தில் பவுண்டுக்கு 20 பென்ஸ். எல்லைக்கோட்டு எண்ணிக்கையில் நிற்கும் ரேஸில், குதிரைகள் ஸ்டாலுக்குப் போகும் வரை காத்திருங்கள். நாளுக்கு எவ்வளவு என்று காலையிலேயே ரொக்கமாக எடுத்துவையுங்கள். தீர்ந்தால் அன்றைய கணக்கு முடிந்தது.

உடை: குயின் ஆன் எனும் பார்வையாளர் பகுதிக்கு ஆண்கள் கோட்டும் டையும் கொண்ட முழு சூட், கணுக்காலை மூடும் காலுறை; பெண்களுக்குத் தலையணி கட்டாயம். வின்ட்சர் பகுதியில் கட்டாயம் இல்லை. ராயல் என்க்ளோஷருக்கு அழைப்பு இருந்தால் ஆண்களுக்குத் தொப்பியோடு மார்னிங் டிரஸ் (பின்புறம் நீண்ட கோட்டு கொண்ட சம்பிரதாய உடை). வெளிநாட்டவர் தங்கள் நாட்டு முறைப்படியான தேசிய உடையிலும் வரலாம். கூட்டத்தில் பிரிந்துபோனால் சந்திக்க, குதிரைகள் உலா வரும் பரேட் ரிங் அருகே யீட்ஸின் வெண்கலச் சிலை இருக்கிறது.

லண்டன் வாட்டர்லூவிலிருந்து ஆஸ்காட்டுக்கு நேரடி ரயில் உண்டு, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நிலையத்திலிருந்து மேடேறி நடக்கப் பத்து நிமிடம். இரண்டு மணிக்கு அரச ஊர்வலம் தொடங்கும், அதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது உள்ளே இருங்கள். கடைசி ரேஸ் ஆறு மணிக்குப் பிறகு. அப்போது நிலையத்தில் வரிசை நீளும். ஹீத்ரோவுக்கு நேரடி ரயில் கிடையாது. அன்றிரவே டப்ளின் விமானம் பிடிக்கலாம் என்று கணக்குப் போடாமல், ஓர் இரவு தங்கி மறுநாள் காலை கிளம்புங்கள்.